பிரீமியம் கூடினாலும் சொல்லிவிட்டோம்

ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கம்பெனிக்காக ஷூவின் மேல்பாகத் தோலை ஒட்டிக் கொடுக்கிறேன். அதற்கான பசை சட்டென்று தீப்பற்றும். வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தபோது, "வீட்ல தொழில் எதாவது நடக்குதா?" என்று ஏஜென்ட் கேட்டார். "இல்ல சார், குடியிருக்கிறது மட்டும்தான்" என்றார் என் கணவர். சொன்னால் பிரீமியம் கூடும் என்ற பயம். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன மாதம் கொசுவர்த்தியிலிருந்து பசைத் துணியில் தீப்பிடித்தது. பக்கத்தில் தூங்கிய மகளை வெளியே தூக்கிச் சென்று கிடத்திவிட்டு, சாக்கை நனைத்துப் போட்டு அணைத்தேன். தீ அணைந்ததும் ஏஜென்டுக்குப் போன் செய்து, வீட்டில் ஒட்டும் வேலை நடப்பதைச் சொன்னேன். "மறைச்சது தெரிஞ்சா நஷ்ட ஈடே கிடைக்காம போகலாம்மா" என்றார்.

"இப்ப போய் சொன்னா ஜாஸ்தி கேப்பாங்க" என்றார் கணவர்.

"கேக்கட்டும். வீடு எரிஞ்சப்புறம் இன்னா சொல்லுவீங்க? குடியிருக்கிறது மட்டும்தான்னா?"

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொன்னோம். பிரீமியம் கூடியது. பசையை வெளியே தனி ஷெட்டில் வைத்து, தீயணைப்பானும் மாட்டினால் கொஞ்சம் குறையும் என்றார்கள். இரண்டையும் செய்துவிட்டோம். சொல்லாமலே சமாளித்திருக்கலாமோ என்று மனம் இன்னமும் குழம்புவதுண்டு. ஆனால் இனி ஏஜென்ட் கேட்கும் கேள்விகளுக்கு நான்தான் பதில் சொல்வேன்.