செத்த பூனை எழுந்திருக்கும் காட்சி

எங்கள் எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. மனைவி இறந்த பிறகு அந்த நாலும் குறைந்துவிட்டது. வேலையும் அப்படித்தான், நாள் முழுக்க லிஃப்டின் கூரைமேல் தன்னந்தனியாக நின்று இரும்புக் கயிறுகளுக்கு மசகு போடுவார். ஏழு வயது மகளுக்குச் சடை பின்னத் தெரியாமல், கழுத்தோடு முடியை வெட்டிவிட்டார்.

அம்மா போனதிலிருந்து அவள் சிரிக்கவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிவியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பழைய கார்ட்டூன். செத்த பூனையைப் பெட்டியில் வைத்து எலிகள் மூக்கைச் சிந்தி அழுகின்றன; பூனை எழுந்து உட்கார்ந்து, "காபி போட்டாச்சா?" என்கிறது. இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவு என்ன வேடிக்கையாங்க?" என்று என்னிடம் வந்து நின்றார். சேனலுக்குப் புகார் எழுதிக் கொடுத்தது நான்தான். எனக்கும் கை சும்மா இருக்காது. 'பிஞ்சு நெஞ்சில் நஞ்சு' என்றெல்லாம் எழுதித் தள்ளினேன்.

அடுத்த மாதம் அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள். எலிகள் பூனையைப் பெட்டியில் வைக்கின்றன, உடனே விளம்பரம்.

"அப்பா, அப்ப பூனை நிஜமாவே செத்துப்போச்சா?" என்று கேட்டிருக்கிறாள்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். என் வீட்டிலிருந்துதான் சேனலுக்குப் போன் செய்தார்.

"அந்த சீனைத் திருப்பிப் போடுங்க சார்."

"புகார் வந்துதுங்க. அதான் எடுத்தோம்."

"அந்தப் புகாரே நான் போட்டதுதான் சார்."

"அப்ப உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

தணிக்கை என்பதெல்லாம் எங்கோ பெரிய மேஜைக்குப் பின்னால் இருப்பவர்கள் செய்வது என்று நானும் வாய் கிழியப் பேசியவன்தான். இது என் பேனா செய்த வேலை. அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஏதாவது ஆறுதல் சொல்லலாமென்று போனேன். கதவு திறந்திருந்தது. வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல், கைகளை மார்பில் வைத்துக்கொண்டு தரையில் மல்லாந்து கிடந்தார். மகள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து உட்கார்ந்து, நான் இதுவரை கேட்டிராத கீச்சுக் குரலில், "காபி போட்டாச்சா?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஓடிப்போய் அவர் சட்டையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நீ படுக்காதப்பா."

"இல்லடா. படுக்கல."

இப்போதெல்லாம் அவள் தூங்கிய பிறகுதான் அவர் படுக்கிறார். அவள் கண் விழிக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.