அடுத்த வாரம் புதுச் சரக்கு

ஆபீஸ் வேலையாகக் கொல்கத்தா போனபோது ஒரு மத்தியானம் சும்மா கிடைத்தது. நேராகக் கரியாஹாட்டுக்குப் போனேன். எங்கள் ஷாப்பிங் சென்டர் இருந்தது. இருந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். மாடியில் முக்கால்வாசிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பெரிய மால் வந்த பிறகு இங்கே யார் வருகிறார்கள் என்று காவலாளி என்னிடமே கேட்டார். நடுப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்னக் கடையில் மொபைல் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டாத ஒரு கவரை வாங்கிக்கொண்டு, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அது ஒரே ஒரு நாள் என் அம்மாவின் கடையாக இருந்தது.

தொண்ணூறுகளில் அப்பாவுக்கு அலிப்பூரில் மத்திய அரசு உத்தியோகம், பெஹாலாவில் வீடு. சனிக்கிழமை சாயங்காலமானால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மினி பஸ் ஏறிவிடுவாள். அந்த சென்டர் இருந்த இடத்தில் முன்பு ஒரு ஜமீன்தாரின் தோட்ட வீடும் குளமும் இருந்தனவாம். வாரிசுகள் அடித்துக்கொண்டதில் வீடு கைமாறி, குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினார்களாம். மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். குளம் தன் இடத்தைத் தேடி வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கடைக்காரர்கள் சரக்கைப் பரணில் ஏற்றுவார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் படிக்கட்டுக்குக் கீழே பொத்தான் கடை வைத்திருந்த பெரியவர். வங்காளியில் தாத்தாவைத் தாது என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

மதுரைக்கு லீவுக்குப் போய் வரும்போதெல்லாம் அம்மா சுங்குடிச் சேலைகள் கொண்டுவருவாள். கொல்கத்தாப் புழுக்கத்துக்கு அது அத்தனை சுகம் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சண்டை போட்டு வாங்கிக்கொள்வார்கள். ஒரு வருஷம் நடைபாதைக் கடைகளை அரசாங்கம் அகற்றியதில், கரியாஹாட் கூட்டமெல்லாம் சென்டருக்குள் திரும்பியது. நல்ல வியாபாரம் வந்த நேரத்தில் தாதுவுக்கு முழங்கால் போய்விட்டது. கடையை நீயே எடுத்து நடத்தேன், மா என்று அம்மாவிடம் கேட்டார்.

பொழுதாவது போகும் என்று அப்பா சம்மதித்தார். பொழுதுபோக்குக்காக ஒருத்தி அப்படி ராத்தூக்கம் கெட்டு நான் பார்த்ததில்லை. மதுரையிலிருந்து பார்சல் பார்சலாகச் சேலை வந்தது. முந்தானை வெளியே தெரியும்படி மடிக்க எனக்கும் பழக்கினாள். "வாங்க வர்றவங்க கண்ணுல முதல்ல முந்தானைதான்டி படணும்" என்பாள். எனக்கு அது விளையாட்டு. வங்காளப் புத்தாண்டன்று, எல்லாக் கடைகளும் பூஜை போட்டுப் புதுக் கணக்குத் தொடங்கும் நாளில், எங்கள் கடையும் திறப்பதாக இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவுக்குப் பதவி உயர்வோடு டெல்லிக்கு மாற்றல் வந்தது. அடுத்த வாரமே கிளம்ப வேண்டும். மறுநாள் நம்முடைய வருஷப் பிறப்பு. பாயசம் வைத்து, சந்தோஷச் செய்தியையும் சேர்த்துக் கொண்டாடினோம். டெல்லியில் வங்காளிப் பாடம் கிடையாது என்பதால் என்னைப்போல் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை. மூலையில் அடுக்கியிருந்த பார்சல்களைப் பார்த்துவிட்டு அப்பா தன்மையாகத்தான் சொன்னார்.

"டெல்லியில இல்லாத கடையா? அங்க போய்ப் பாத்துக்கலாம்."

அம்மா சரி என்று தலையாட்டினாள்.

வங்காளிகளின் புத்தாண்டு அதற்கு அடுத்த நாள். தாதுவிடம் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அம்மா கிளம்பினாள். கையில் இரண்டு பெரிய பைகள்.

"சொல்லத்தானே போற, பை எதுக்கு?" என்றார் அப்பா.

"சேலையப் பாக்கணும்னு சொன்னாரு."

தாது பொத்தான் பெட்டிகளையெல்லாம் காலி செய்திருந்தார். அலமாரிக்குப் புதுக் காகிதம் விரித்து, மேலே மாவிலை கட்டியிருந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"நல்ல நாளில் வந்திருக்கிறாய், மா. இன்றைக்காவது உட்கார்ந்துவிட்டுப் போ" என்றார். ஒரு ஸ்டூலை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு அவர் நகர்ந்தார்.

அம்மா பையின் அடியிலிருந்து ஒரு சின்னப் பித்தளை விளக்கை எடுத்து ஏற்றினாள். அது அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. பிறகு நாள் முழுக்கப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவின் வங்காளி தப்பும் தவறுமானதுதான், ஆனால் அன்று அது எங்கும் தடுக்கவில்லை. நீலத்தில் இல்லையா, பெரிய பார்டர் இல்லையா என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். அடுத்த வாரம் புதுச் சரக்கு வரும், அவசியம் வாருங்கள். ஒரு மாமியிடம், அரக்கு நிறத்தில் வந்தால் உங்களுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன் என்றுகூடச் சொன்னாள். ஸ்டூலில் இருந்த தாதுவும் ஆமாம், ஆமாம் என்று ஒத்து ஊதினார்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, அடுத்த வாரம் நாம ரயில்ல இருப்போம்."

"நீ அந்தப் பச்சைய ஒழுங்கா மடி" என்றாள்.

சாயங்காலத்துக்குள் அலமாரி காலி. அம்மா தட்டுகளைத் துடைத்து, தாதுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, கடைச் சாவியை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். விளக்கை எடுக்க மறந்துவிட்டாள். வாசலில் நான் ஞாபகப்படுத்தியும் திரும்பிப் போகவில்லை.

அப்பா சொன்னது சரிதான். டெல்லியில் எத்தனையோ கடைகள் இருந்தன. அவற்றில் நாங்கள் சாமான் வாங்கினோம். அம்மாவை ஒரு தடவையாவது நான் அந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை என்பது இப்போது நெஞ்சை அறுக்கிறது. அவளுடைய பீரோவில் இன்றும் எல்லாச் சேலைகளும் முந்தானை வெளியே தெரியத்தான் இருக்கின்றன.

அன்று திரும்பி வந்த பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தனை பேரிடம் பொய் சொன்னதற்காகப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது.

"கவலப்படாதம்மா. அடுத்த வாரம் அவங்க வந்து கேட்டாலும், அங்க நாம இருக்கவே மாட்டோம்ல" என்றேன்.

அம்மா என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பெஹாலா வரும்வரை நான் பெருமையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.