வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் இடம்

ஷார்ஜாவில் நான் வண்டியை நிறுத்தும் இடம் எப்போதும் காலியாகவே கிடக்கும். விடுமுறை நாள் மாலையில், வணிக வளாகத்தைச் சுற்றி நூறு கார்கள் இடம் தேடி அலைந்துகொண்டிருக்கும். வாசலை ஒட்டி, சக்கர நாற்காலிப் படம் வரைந்த இரண்டு நீலக் கட்டங்கள் மட்டும் சும்மா கிடக்கும். ஒருத்தரும் உள்ளே நுழைய மாட்டார்கள். அபராதத்துக்குப் பயந்துதான் என்று சொல்வீர்கள். இருக்கட்டுமே, இடம் கிடக்கிறதல்லவா? நடக்க முடியாதவர்களை ஏற்றி இறக்கும் லிஃப்ட் வைத்த வண்டி ஓட்டுகிறேன். ஆள் இல்லாத வெறும் வண்டியை நானும் அங்கே நிறுத்தக் கூடாது. வந்த புதிதில் தென்காசிக்காரன் கண்ணுக்கு இதெல்லாம் கொழுப்பாகத்தான் தெரிந்தது. நம் ஊரில் காலியாகக் கிடக்கும் இடம் என்றால் யாரும் பார்க்காத இடம் என்றுதானே அர்த்தம்.

ஒருநாள் வயதான அரபி அம்மாள் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இறக்கும் நேரத்தில் லிஃப்ட் மக்கர் செய்தது. எலும்பும் தோலுமான மனுஷி, ஒரு கையில் தூக்கிவிடலாம். குனிந்தேன். கைத்தடியை என் நெஞ்சுக்கு நேரே நீட்டி "லா, லா", வேண்டாம் என்றார். என் வேர்வை நாற்றம் பிடிக்கவில்லை போலும் என்று முகம் சுருங்கிவிட்டது எனக்கு. "ஐ ஸ்ட்ராங், நோ ப்ராப்ளம்" என்றேன். கூட வந்த பிலிப்பினோ பெண் சிரித்தாள். "யூ ஸ்ட்ராங். மேடம் நாட் லக்கேஜ்." மெக்கானிக் வரும்வரை அந்த அம்மாள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழவிக்கு என்ன வீம்பு என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே நானும் காத்துக் கிடந்தேன்.

அது வீம்பில்லை என்று எனக்குப் புரிந்தது குற்றாலத்தில்.

மைமூன் அக்கா எனக்கு மூத்தவள். இலஞ்சி விலக்கில் பைக்கிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதற்குப் பிறகு குத்துக்கல்வலசை வீட்டுக்குள்ளேயே சக்கர நாற்காலியில் இருந்தாள். அவளுடைய ஒரே மகள் சபீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பழைய வேன் ஒன்று வாங்கி, பாவூர்சத்திரத்துப் பட்டறையில் பின்பக்கம் சரிவுப் பலகை வைத்துக் கொடுத்தேன். பலகை இறங்க வேண்டுமானால் வண்டிக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் வேண்டும். அவ்வளவுதான் அதன் தேவை. "நானே உருட்டிக்கிட்டுப் போயி எம்மவ பக்கத்துல நிப்பேம்லே" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

மண்டபம் குற்றாலத்தில். படியில்லாத வாசல், பின்னால் சமையல்கட்டுப் பக்கம் இருந்த ஒன்றுதான். முந்தின நாளே போய் அதன் முன்னால் சுண்ணாம்பில் கோடு போட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் போட்டு வைத்தேன். காலையில் போனால் கோட்டுக்குள் வாசலை மறித்து ஒரு வெள்ளைக் கார். நாற்காலி பத்திரமாகச் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தது. கல்யாணத்துக்கு ஆட்களை இறக்கிவிட்ட டிரைவர் சாவியோடு அருவிக்குக் குளிக்கப் போய்விட்டானாம். சீசன் நேரம், அருவிக்கரையில் ஆளை எங்கே தேட? தள்ளிப் பார்த்தோம், கியரில் கிடந்தது.

"அதுக்கென்ன, முன்வாசல் வழியா சேரோட அலாக்காத் தூக்கிருவோம்" என்றார் மச்சான், அக்காவின் புருஷன். சொல்லி வாய் மூடவில்லை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் வந்துவிட்டார்கள். நல்ல மனுஷர்கள்தான். காரை வெளியே எடுக்க ஆள் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, பொம்பளையைத் தூக்க மட்டும் நாலு பேர் தயார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அக்கா புர்காவை இழுத்து மூடிக்கொண்டாள்.

"வேண்டாம். வெளியாளு கை எம்மேல படக் கூடாது. நீங்களும் தூக்க வேண்டாம்."

"ஏட்டி, நிக்காஹ்வுக்கு நேரமாவுது. பிடிவாதம் பிடிக்காத" என்றார் மச்சான்.

"என்னைய நாலு பேரு தூக்குத நாளு ஒண்ணு வரும். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்குத் தெரியும்லா" என்றாள். குரல் உயரவே இல்லை.

நாலு பேரும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் வேனுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒலிபெருக்கியில் நிக்காஹ் முடிந்து துஆ ஓதினார்கள். வேனுக்குள்ளிருந்து அக்கா ஆமீன் சொன்னாள். உள்ளே சபீனாவின் கழுத்தில் கருகமணி கட்டியபோது பெண்கள் கூட்டம் எழுப்பிய சத்தம் கேட்டது. பெற்றவள் இல்லாமல் நடந்து முடிந்தது. அப்புறம் டிரைவர் வந்தான். தலை ஈரம், தோளில் துண்டு. "காலியாத்தான கெடந்துச்சு, அண்ணாச்சி" என்றான். அவனை அறையத்தான் கை ஓங்கியிருக்க வேண்டும். ஏனோ ஓங்கவில்லை.

சபீனா படியிறங்கி வேனுக்கே வந்தாள். அக்கா கருகமணியைத் தொட்டுப் பார்த்து, "கழுத்துல உறுத்துதா?" என்று கேட்டாள்.

ஊர் முன்னால் தலைகுனிவாகிவிட்டது என்று மச்சான் அவளிடம் சரியாகப் பேசுவதில்லை. "பலகையக் கழட்டிருங்க" என்று அக்காவே சொல்லிவிட்டாளாம். வேன் இப்போது சந்தைக்கு வாழைத்தார் ஏற்றுகிறது. அவள் வெளியே போவதே இல்லை. ஊரிலிருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களில் ஒருத்தர்கூட அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது வீடியோவில் அவளைக் கூப்பிடுவேன். போனை முன்கண்ணாடியில் சாலை தெரியும்படி மாட்டச் சொல்லுவாள். ஷார்ஜாவின் சாலை குத்துக்கல்வலசை அறைக்குள் ஓடும்.

"அந்தா அந்தக் கடை வாசல்ல நான் இறங்கலாமாலே?"

"இறங்கலாம்க்கா."

"அங்கன?"

"அங்கனயும் இறங்கலாம்."

அந்த வாசலும் பின்னால் போய்விடும்.

"சரி. நிப்பாட்டாத, ஓட்டு" என்பாள்.