வெள்ளைப் பூ தஞ்சாவூர், சிவப்புப் பூ மதுரை

எங்கள் அய்யாவுக்கு எதையும் அம்மனிடம் கேட்காமல் செய்யப் பிடிக்காது. மாடு வாங்குவதென்றால் பூக்கட்டிப் பார்ப்பார். அதே மாட்டை விற்பதென்றாலும் பூக்கட்டிப் பார்ப்பார். வெள்ளை நந்தியாவட்டையை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்றை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடம் இருக்கிற கறம்பக்குடிக்குப் போகிற வழியில் ஒரு காட்டாறு. மழை பெய்தால்தான் அதில் தண்ணீர் வரும். ஆனால் மழையே இல்லாத சித்திரையிலும் எனக்கு அந்தத் தண்ணீரின் பயம்தான். கணக்குப் பாடம் நடக்கும்போது நான் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளை இப்படி இளைக்கிறதே என்று அய்யா கோயிலுக்குப் போய், "மேலே படிக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். சிவப்பு வந்தது. எங்களைப் பெற்ற ஆத்தா எனக்காக அழுதது. நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

என் தங்கச்சி வேறு பிறவி. அதே காட்டாற்றில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புத்தகப் பையைத் தலையில் வைத்து, மீன் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே கடப்பாள். அவள் பதினோராம் வகுப்புக்கு வந்தபோது நான் கல்யாணமாகி அடுத்த தெருவில் குடியிருந்தேன். என் இடுப்பில் ஒரு மகள். அறுபதுகளின் தொடக்கம் அது.

அந்த வருசம்தான் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஓர் ஏற்பாடு வந்தது. பள்ளியை முடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு மேலே என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்வதற்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டுமாம். அவருக்குக் கேரியர் மாஸ்டர் என்று பேர். டிராயிங் மாஸ்டருக்குத்தான் பீரியடு குறைவு என்று அவர் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. "அவரு சைக்கிள்லயே கேரியர் இல்லையேப்பா" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அவரை வந்து பார்க்க வேண்டும் என்று தங்கச்சி சொன்னாள். அய்யா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ போயிட்டு வா தாயி. எனக்குக் கமலை பூட்டித் தண்ணி எறைக்கணும்."

"கமலையை மறுநா எறைச்சா ஆகாதாய்யா?"

"நீதானே நம்ம வீட்டுல படிச்ச பொம்பளை" என்றார்.

வாத்தியார் என்னிடம் வாய்ப்பாடு கேட்டுவிடுவாரோ என்ற கவலை எனக்கு. வழியெல்லாம் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

"அக்கா, அவரு டிராயிங் மாஸ்டரு. கேட்டா மாம்பழம் வரையச் சொல்லுவாரு, அவ்வளவுதான்" என்றாள் தங்கச்சி.

"அய்யய்யோ, அதுவும் எனக்கு வராதேடி!"

தேசப்படங்களைச் சுருட்டி வைக்கிற அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். விரல் நகமெல்லாம் நீலச் சாயம். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "சொல்லுங்க, மேல என்ன செய்யிறதா இருக்கு?" என்று கேட்டார்.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "டீச்சர் ட்ரெயினிங் நல்லதுன்னு அய்யா சொன்னாக சார். ஆனா இவளுக்குப் பிள்ளைகளை அதட்ட வராது. தையல்னா கண்ணு கெட்டுப்போயிரும். தபாலாபீஸுன்னா ஊர்க்காசெல்லாம் கையில இருக்கும், அது ஒரு நாளைக்குக் காணாமப் போச்சுன்னா..."

"அம்மா" என்று அவர் கையைத் தூக்கினார். "ஒங்களுக்கு எந்த வேலை சரிப்படும்னு இன்னொரு வெள்ளிக்கிழமை பாப்போம். இன்னைக்கு ஒங்க தங்கச்சி பேசட்டும்."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் மார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டில் யாரும் சொல்லாமல் தானாகவே செய்கிற வேலை என்ன என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பயந்தவங்களைப் பாத்துக்குவேன் சார்."

"யாரு பயப்படுவா?"

தங்கச்சி என்னைக் கை காட்டினாள். அப்புறம் மாடு குத்திய கதையைச் சொன்னாள். அதற்கு முந்தின வருசம் எங்கள் மாடு அய்யாவின் தொடையைக் கிழித்துவிட்டது. ஆத்தா மயங்கி விழுந்தது. நான் தெருவில் கத்திக்கொண்டு ஓடினேன். எந்தப் பக்கம் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. இவள்தான் பழைய சீலையைக் கிழித்துக் கட்டி, வண்டியில் அய்யாவோடு ஏறி, கறம்பக்குடி ஆஸ்பத்திரி வரைக்கும் காயத்தை அழுத்திப் பிடித்தபடியே போனாள்.

"தையல் போடும்போது வெளிய போயிட்டியா?"

"இல்ல சார், பாத்தேன். இன்னொரு தடவ பாக்கணும்போல இருந்துச்சு."

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "நர்ஸ் வேலைக்குன்னு படிப்பு இருக்கு, தெரியுமா?"

"தெரியும் சார்" என்று அவள் சொன்ன வேகத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இதை அவள் ரொம்ப நாளாக மனசுக்குள் வைத்திருக்கிறாள்.

எனக்குக் கேள்விகள் மளமளவென்று வந்தன. ராத்திரி வேலை உண்டா? ஒட்டுவாரொட்டி வியாதி வந்தால்? ஹாஸ்டல் வாசலுக்குப் பூட்டு உண்டா? தெரிந்ததைச் சொன்னார். தெரியாததற்கு, "தெரியலைம்மா, கேட்டுச் சொல்றேன்" என்றார். வாத்தியார் ஒருவர் தெரியலை என்று சொல்லி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அடுத்த வாரமே நர்ஸ் பள்ளி இருக்கிற தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

"பூட்டு இருக்கும்மா. சாவி வார்டன் அம்மாகிட்ட. அந்தம்மாவைப் பாத்தா எனக்கே கொஞ்சம் நடுக்கமாத்தான் இருந்துச்சு." அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோசம்!

அய்யாவுக்குத்தான் மனசு வரவில்லை. "கண்ட ஆம்பளையையும் தொட்டுத் தூக்குற வேலை. நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்றார். சொல்லும்போதே அவர் கை தொடைத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. கடைசியில், "செவ்வாக்கிழமை அம்மன்கிட்ட கேட்டுருவோம். அனுப்பலாமா, வேண்டாமா. அவ்வளவுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் என் தங்கச்சி முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "செவப்பு வந்தா என்னக்கா செய்யிறது?" என்றாள். பயப்படுவது என் வேலை. அதை அவள் எடுத்துக்கொண்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் பிள்ளையை ஆத்தாவிடம் விட்டுவிட்டு, தன்னந்தனியாகக் காட்டாற்றைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. அதை நான் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன்.

விசயத்தைக் கேட்டதும், படித்தவர்தானே, இதென்ன மூடப் பழக்கம் என்று கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "பூக்கட்டிப் பாக்குறது நல்லதுதாம்மா. நானும் வரலாமா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை கேரியர் இல்லாத அந்தச் சைக்கிளில் கோயிலுக்கு வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் ஆற்று ஈரம். அய்யா அவரை மரியாதையாக உட்காரவைத்துவிட்டு, பூவையும் இலையையும் எடுத்தார்.

"கெணறு வெட்டினப்பவும் இப்பிடிப் பாத்தீங்களா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"பாக்காமலா? வடக்க வெட்டுறதா தெக்க வெட்டுறதான்னு கேட்டேன். தெக்கன்னு வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் வத்தலை."

"கெணறு வெட்டலாமா வேண்டாமான்னு கேக்கலையா?"

"என்ன வாத்தியாரய்யா இப்பிடிக் கேக்குறீங்க? பயிரு காயுது, தண்ணி வேணும்னு எனக்குத் தெரியாதா? நமக்கே தெரிஞ்சதை எல்லாம் போயி அம்மன்கிட்ட கேப்பாகளா?"

மாஸ்டர் சும்மா அய்யாவின் தொடையைப் பார்த்தார். பூசாரியும் பார்த்தார். அய்யா இலையை மடித்தவர் அப்படியே நிறுத்தினார். நிமிர்ந்து முதலில் தங்கச்சியைப் பார்த்தார். பிறகு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்காகக் கேட்டதும் அதே கேள்விதான் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும்.

"இந்தப் படிப்பு எங்கெங்க இருக்கு?" என்றார்.

"தஞ்சாவூர்லயும் இருக்கு, மதுரையிலயும் இருக்கு."

"அப்ப எங்கிட்டு அனுப்புறதுன்னு கேப்போம்" என்றார் அய்யா. "வெள்ளை தஞ்சாவூரு, செவப்பு மதுரை."

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு பிடி. பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். எடுப்பதற்கு என் மகளைத்தான் இறக்கிவிட்டோம். அவளுக்கு இரண்டரை வயசு. தத்தித் தத்திப் போனவள் குனிந்து ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று என்று ரெண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, ஓட்டமாக வெளியே ஓடினாள்.

"ஏ... ஒண்ணை வையி புள்ளே!" என்று பூசாரி பின்னாலேயே ஓடினார். அவர் பிடிப்பதற்குள் ரெண்டையும் பிய்த்து, வெள்ளையும் சிவப்புமாகப் படியெல்லாம் இறைத்துவிட்டாள். தெய்வகுற்றம் ஆகிவிட்டதே என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. "மன்னிச்சிரு தாயே, மன்னிச்சிரு தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"மறுபடி கட்டவா?" என்று பூசாரி மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஒரு விசயத்துக்கு ரெண்டாந்தரம் கேக்குற வழக்கம் நமக்குக் கெடையாது" என்றார் அய்யா. படியில் கிடந்த பூக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டும் சம்மதம்னு அம்மன் சொல்லிட்டா. எங்கிட்டுன்னு..." எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பெண்பிள்ளையிடம் அவள் விருப்பத்தைக் கேட்டதில்லை. அய்யா தங்கச்சி பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு தாயி. எங்கிட்டுப் போற?"

மாஸ்டர் தூணில் சாய்ந்துகொண்டு மேலே கூரையைப் பார்த்தார். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

"தஞ்சாவூருக்கு" என்றாள் தங்கச்சி.

"ஏன்?"

"அங்கேருந்துதான் கறம்பக்குடிக்கு பஸ் இருக்கு. அக்காளுக்குப் பயம் வந்துச்சுன்னா நான் பொசுக்குனு வந்துரலாம்ல."

அய்யா சிரித்தார், பூசாரி சிரித்தார், நானும் அழுதுகொண்டே சிரித்தேன். ஆத்தா படியில் கிடந்த பூவையெல்லாம் பொறுக்கி, வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்தே அவள் தலையில் செருகிவிட்டது.

பரீட்சையில் அவள் தேறினாள். ட்ரங்குப் பெட்டியோடு பஸ் ஏறும்போது, "தைரியமா இரு அக்கா" என்று எனக்குத்தான் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். வார்டன் அம்மாவைப் பற்றி எழுதிய முதல் கடுதாசியைப் படித்து, அந்தம்மாவே நான் நினைத்ததைவிடப் பெரிய பூட்டுதான் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அய்யா கமலையை நிறுத்திவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். தேசப்பட அறையில் உட்கார்ந்து, பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "கறவை மாடு ஒண்ணு வெலைக்கு வருது வாத்தியாரய்யா, என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"மாடு வேணும்னு ஒங்களுக்கே தெரியுமா?"

"அதுதாங்க எனக்குத் தெரியலை."

"அப்ப அதை அம்மன்கிட்டயே கேட்டுக்குங்க" என்றார் மாஸ்டர், ஒரு பழத்தை உரித்துக்கொண்டே. "நான் பதினொண்ணாவதுக்கு மட்டுந்தான்."