டோமைன் என்றொரு சொல்

மகளுக்கு மீன் குழம்பு ஊற்றுமுன் ஒன்றுக்கு இரண்டு தரம் மோந்து பார்ப்பேன். ஊற்றிய பிறகும் சந்தேகமாகவே இருக்கும்.

பேட்டையில் இருந்தபோது எனக்குப் பத்து வயது. ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லை. பிரிட்ஜில் இருந்த முந்தின நாள் சாளை மீன் குழம்பைக் கொட்ட மனம் வராமல் உம்மா சாப்பிட்டார். எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார். சாயங்காலம் வாந்தி நிற்காமல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாப்பா சவுதியில். நான் மாமா வீட்டில்.

"டோமைன் விஷமுன்னு டாக்டர் சொல்லுதாரு" என்று மாமா மாமியிடம் சொன்னார். மாமா வேதியியல் வாத்தியார். அவருடைய தடித்த ஆங்கில அகராதியில் 'டி' வரிசையில் தேடினேன். இல்லை.

"ஏளா, பி-ல பாரு. முன்னால ஒரு பி உண்டு. உங்க மாமி மாதிரி இல்ல, அது வாயத் தொறக்காது."

"நான் தொறக்காட்டி இந்த வீட்டுல அடுப்பு எரியுமாக்கும்?" என்றார் மாமி.

அழுகும் உடம்பில் உண்டாகும் சேர்மங்கள் என்று போட்டிருந்தது. மூலம் ஒரு கிரேக்கச் சொல். அதன் பொருள் 'கார்ப்ஸ்'. அதையும் தேடினேன். பிணம். எங்கள் வீட்டுப் பேச்சில் மையத்து. உம்மாவின் வயிற்றுக்குள் மையத்து புகுந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அந்தச் சேர்மங்கள்மீது பழி போட்டது தவறு, கிருமிகள்தான் காரணம் என்று வைத்தியர்கள் அந்தச் சொல்லை எப்போதோ கைவிட்டார்களாம். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் முதல் பொருள் 'விழுந்தது' என்பதுதான். இதையெல்லாம் பின்னால் கல்லூரியில் படித்தேன். விழுந்த உம்மாவும் சனிக்கிழமை எழுந்து வீடு வந்துவிட்டார்.

ஆனால் அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் போன் இல்லாததால் வழக்கம்போல் மாமா வீட்டுக்கு வாப்பாவின் போன் வந்தது.

"வாப்பாட்ட மூச்சு விடக்கூடாது. அங்கன தனியாக் கெடந்து பதறுவாரு" என்று சொல்லித்தான் மாமா ரிசீவரைக் கொடுத்தார்.

"உம்மா எங்கம்மா?"

"தூங்குதாவ."

"இந்நேரத்துலயா?"

நான் மாமாவைப் பார்த்தேன்.

"சரி, எழுப்பாத" என்றார் வாப்பா. பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாரோ என்னவோ, அதுவும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்து நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.