நண்டோட்டு முகம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், கறுப்புச் சேலை கட்டி, கழுத்தில் சிறு சிலுவை அணிந்த பெண்மணி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவரே செய்த கோதிக் பாணிக் கலைப்பொருள்: நண்டோட்டு முகம், காக்கை இறகு முடி, கருவேல முள் கிரீடம். எல்லாம் கடற்கரையில் பொறுக்கியவை. நண்டு வாடை போய்விட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

"திருஷ்டிக்கா அக்கா? பேயே பயந்து ஓடிடும்" என்றார் நடத்துநர்.

"ஹால்ல மாட்டறதுப்பா இது" என்றவர் என்னிடம் திரும்பினார். "இதுக்கு முன்னால மூணு பேரு வாங்கினாங்க சார். மூணும் வாசல்ல பூசணிக்கா பக்கத்துல தொங்குது. இதாவது உள்ள போவணும்."

பையைத் திறந்து காட்டினார். உள்ளே சுத்தியலும் ஆணியும் இருந்தன.

சிதம்பரத்தில் இறங்கியபோது, அவரும் நானும் போகவேண்டியது ஒரே தெரு என்று தெரிந்தது. அந்த முகத்தை வாங்கியவர் தம் புது வீட்டு வாசலில் ஏணியைச் சாத்திவைத்துக் காத்திருந்தார். "வாங்கக்கா, இங்கதான் மாட்டணும்."

அந்தப் பெண்மணி ஏணியைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே ஹாலுக்குள் போனார்.

உள்ளிருந்து கேட்ட சுத்தியல் அடிகளை வெளியே நின்று எண்ணினேன். ஏழு. அந்த ஆணிக்கு நான்கு போதும். மிச்சம் மூன்றும் யாருக்கு என்று இன்றும் யோசிக்கிறேன்.