முப்பத்தெட்டு சதவீதத்தில் சந்தனம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முழுதாகக் கடையில் வாங்கியதல்ல. கீழ்க்கட்டளையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து எங்கள் குரோம்பேட்டை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பூட்டியது. கேபினட்டின் பக்கத் தகடு மட்டும் சரியாகப் பொருந்தவில்லை. அப்பா திருமுடிவாக்கத்தில் தான் லேத் ஓட்டும் பட்டறையில் இரண்டு திருகாணி கடைந்து எடுத்துவந்து அதை இறுக்கினார்.

நான் மூன்றாம் வகுப்பு. அக்கா இன்ஜினியரிங் கடைசி வருடம். அவளுடைய ப்ராஜெக்ட் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வேறு பிரதி இல்லை. பூஜை விடுமுறை முடிந்ததும் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். அதைச் செய்துகாட்டும் மென்பொருள் கம்ப்யூட்டரை இயக்கும் பழைய ஓ.எஸ்.ஸில் ஓடவில்லை. அதனால் ஆயுத பூஜையன்று காலையில் புது ஓ.எஸ்.ஸை ஏறவிட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. முப்பத்தெட்டு சதவீதம். அதற்குக் கீழே, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்கும் அப்பா சந்தனக் கிண்ணத்துடன் வருவதற்கும் சரியாக இருந்தது. பட்டறையில் பூஜைக்கு முன் எல்லா மெஷினுக்கும் மெயின் சுவிட்சை நிறுத்திவிடுவார்கள். அன்று மெஷினுக்கு ஓய்வு. அப்பா திரையைச் சற்று நேரம் பார்த்தார். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். ஈரத்துணியால் கேபினட்டைத் துடைத்து, மூன்று கோடு சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார்.

அக்கா தலையில் துண்டுடன் வந்து நின்றாள். சந்தனத்தைப் பார்த்தாள், இருண்ட திரையைப் பார்த்தாள். நேரே அம்மாவிடம் சமையலறைக்குப் போனாள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது.

மறுநாள் கம்ப்யூட்டர் தானே அணைந்தது, தானே எழுந்தது, மறுபடி அணைந்தது. மாமா வந்து தகட்டைக் கழற்றினார். ரேமை உருவி, என் அழிரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினார். உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியை எடுத்துப் போட்டார். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். மாமாவைக் கண்டாலே கிண்டலை ஆரம்பிப்பவர் அன்று பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள எல்லாம் சரியாத்தான் கீது,” என்றார் மாமா. “ஓ.எஸ். ஏறும்போது நடுவுல யாராவது ஆஃப் பண்ணீங்களா?”

அப்பா டார்ச்சை அணைத்தார்.

“கரண்ட் போச்சு மாமா,” என்றாள் அக்கா.

“இல்லியே, ஃபேன் ஓடிச்சே!” என்றேன். அக்கா என் காலை மிதித்தாள்.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “போச்சுடா. மிக்ஸி பாதில நின்னு ஒரே பேஜாரு.”

மாமா ஒருமுறை அப்பாவைப் பார்த்தார். “ஆமாமா, எங்க ஏரியாலயும் போச்சு,” என்றார்.

கீழ்க்கட்டளையிலுமா? நான் தலை தூக்கி ஃபேனைப் பார்த்தேன். அது நேற்று ஓடியதா இல்லையா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

மாமா ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுபோய்த் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். மாலையில் போன் வந்தது: ப்ராஜெக்ட் பத்திரம். அப்போதுதான் அக்கா அழுதாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. பொய் சொன்னதற்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். இங்கே மூன்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.

“கரண்டே போகலப்பா. நீதான ஆஃப் பண்ண?”

“நாந்தான்.” பிறகு கேட்டார்: “அதுல ஆஃப் பண்ணாதன்னு எழுதியிருந்துச்சாமே. நீ படிச்சியா?”

“படிச்சேனே.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“நீயும்தான் பாத்துகினு இருந்தியேப்பா.”

அப்பா பேப்பரை எடுத்து விரித்தார். தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர் அவர். தன் கண்ணெதிரே இருந்த ஓர் ஆங்கில வரியைப் படிக்க அவருக்கு வராது என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. இவ்வளவு சொல்லியும் அக்காவை ஏன் ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்கிறார் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.